மாப்பிள்ளை இல்லாத வீடு

எங்கள் காயல்பட்டினத்தில் பெண் பிறந்தால் வாப்பாமார் முதலில் யோசிப்பது பேரை அல்ல, மனையை. பெண்ணுக்கு ஒரு வீட்டைக் கொடுத்துத்தான் கட்டிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் இருப்பார். பிறந்த வீட்டை விட்டு அழுதுகொண்டே போகிற பெண்கள் மற்ற ஊர்களில் உண்டு. எங்கள் ஊரில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவன் ஆண்பிள்ளைதான். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் வீட்டுப் பெண்கள் மாமியார்களிடம் படுகிற பாட்டை நாங்களும் கேள்விப்பட்டிருக்கிறோம்.

ஆனால் இந்த வழக்கம் ஒருவரை மட்டும் நடுக்கடலில் விட்டுவிட்டது. அவர்தான் எங்கள் அடுத்த வீட்டுக் குல்சும் மாமி. அவருக்கு மூன்றும் ஆண்.

மூத்தவன் முத்துவாப்பா கல்யாணம் முடிந்து அடுத்த தெருவுக்குப் போனான். நடுவிலுள்ளவன் கொழும்பில் கடை வைத்தான். ஊருக்கு வந்தாலும் பெண்டாட்டி வீட்டில்தான் இறங்குவான். கடைக்குட்டி யஹ்யாவும் போன பிறகு, தன் தாயார் கட்டிக் கொடுத்த அந்தப் பெரிய வீட்டில் மாமி தனியாக நின்றார். பிள்ளைகளின் வாப்பா எப்போதோ கொழும்பிலேயே மௌத்தாகி அங்கேயே அடக்கமாகிவிட்டார்.

"மூணு கப்பலை நான் கட்டி விட்டேன். மூணும் வேற துறைமுகத்திலே நிக்குது" என்று மாமியே சொல்லிச் சிரிப்பார். சிரித்துவிட்டு, ஓர் ஆளுக்குச் சோறு பொங்குவதுதான் உலகத்திலேயே கஷ்டமான சமையல் என்பார். அரிசி குறைந்தால் அடிப்பிடிக்கும், கூடினால் மறுநாளும் அதையே தின்ன வேண்டும்.

எங்கள் முடுக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீடுகளின் பின்புறத்தை ஒட்டி ஓடுகிற ஒடுக்கமான சந்துக்கு முடுக்கு என்று பேர். தெரு ஆண்களுக்கு, முடுக்கு எங்களுக்கு. ஒரு பெண் தெருவில் கால் வைக்காமலே பாதி ஊரைச் சுற்றி வந்துவிடலாம். ஒரு வீட்டின் பின்கதவைத் தட்டினால், சலாம் சொன்ன கையோடு நாங்கள் கேட்கிற கேள்வி "மாப்பிள்ளை இருக்காஹளா?" என்பதுதான். இருந்தால் அப்படியே திரும்பிவிடுவோம்.

குல்சும் மாமி வீட்டில் அந்தக் கேள்விக்கு வேலையே இல்லை. ஆனாலும் யாரும் அங்கே போவதில்லை. போக என்ன இருக்கிறது? பெண் இல்லாத வீட்டில் கல்யாணம் இல்லை, மருதாணி இல்லை, பிள்ளைப்பேறு இல்லை. பாவம் என்று சொல்லிக்கொண்டே அந்தக் கதவைத் தாண்டிப் போவோம். நானும்தான் போனேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. நாற்பத்து மூன்றாம் வருஷம் என்று நினைக்கிறேன். தூத்துக்குடியில் கப்பல் வரத்துக் குறைந்து, வந்த சரக்கு போக வழியில்லாமல், மூட்டை அடுக்குகிற கிட்டங்கிகள் எல்லாம் நிரம்பிக் கிடந்தன. முத்துவாப்பா அங்கே ஒரு கருப்பட்டி வியாபாரியிடம் வேலை பார்த்தான். சரக்கு போட இடமில்லாமல் வியாபாரி தவித்தபோது அவனுக்கு உம்மாவின் வீடு ஞாபகம் வந்தது.

அவன் வந்து பேசியதை நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். ஒட்டுக் கேட்கவில்லை. எங்கள் கிணற்றடியில் நின்றால் அங்கே தும்மினால்கூடக் கேட்கும்.

"உம்மா, ஒத்தையிலே எத்தனை நாளைக்கு இருப்பீங்க? விழுந்து கிடந்தா யாருக்குத் தெரியப் போவுது? எங்க வீட்டிலே கொஞ்ச நாள் இருங்க, யஹ்யா வீட்டிலே கொஞ்ச நாள் இருங்க. வீட்டைக் கிட்டங்கிக்கு விட்டுருவோம்."

"உங்க வீடு இல்லேலே அது. உன் பொண்டாட்டி வீடு."

"எல்லாம் ஒண்ணுதான் உம்மா."

ஒன்று அல்ல என்பது அவனுக்கும் தெரியும். எங்கள் ஊரில் மகனைப் பெற்றவள் மகன் இருக்கிற வீட்டுக்கு விருந்தாளியாகத்தான் போவாள். பாயில் உட்காருவாள், பலகாரம் தின்பாள், பொழுது சாய்ந்ததும் எழுந்துவிடுவாள். அந்த வீட்டு அடுப்பு மருமகளைப் பெற்ற சம்பந்தக்காரியின் அடுப்பு. அங்கே போய்க் காலம் பூராவும் இருப்பதென்றால், எழுந்து போகத் தெரியாத விருந்தாளியாக இருப்பது என்று அர்த்தம்.

முத்துவாப்பா கெட்டவன் இல்லை. உண்மையாகவே பயந்துதான் சொன்னான். அதனால்தான் மாமியால் மறுக்க முடியவில்லை.

"சரிலே. அடுத்த பிறை கண்டதும் வாங்க" என்றார்.

அவன் போன பிறகு மாமி எங்கள் வீட்டுக்கு வந்து என் உம்மா சம்சுன்னிசாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஒரு வாய் தேயிலைத் தண்ணி வேணும்னாக்கூட இனிமே கேட்டு வாங்கிக் குடிக்கணும் சம்சு. அறுவது வயசுக்கு மேலே அதைப் படிக்கணும்" என்றார். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். எனக்கு வந்த கோபத்தில் என் கைப்பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு முடுக்கின் முனை வரைக்கும் போய்விட்டுத் திரும்பினேன். வேறென்ன செய்ய முடியும்?

அந்த வாரத்தில்தான் கடற்கரைப் பக்கம் வாந்திபேதி கண்டது.

முதலில் குப்பத்தில் இரண்டு மூன்று பேர் போனார்கள். பிறகு சந்தைக்கு வந்து போனவர்கள் வீட்டில் ஒன்று. ஆண்களுக்கெல்லாம் பள்ளிக்கூடத்தில் வைத்து ஊசி போட்டார்கள். பெண்களுக்குப் போட ஜெபகனி என்று ஒரு நர்ஸை அனுப்பினார்கள். நாசரேத்துப் பக்கத்துக்காரி, முப்பது வயதிருக்கும், வெள்ளைச் சேலை, வேகமான நடை. அவளோடு மருந்துப் பெட்டி தூக்க பொன்னுதுரை என்ற ஆள்.

ஜெபகனி பாவம், தெருப்பக்கமாக ஒவ்வொரு வாசலாகத் தட்டினாள். எங்கள் ஊரில் தெருக்கதவை யாராவது தட்டினால் உள்ளேயிருந்து "ஆம்பிளைங்க இல்லே" என்று ஒரு குரல் மட்டும் வரும். கதவு திறக்காது. காலையிலிருந்து உச்சி வரை அவள் கேட்டது அந்த ஒரே வாக்கியம்தான். பெண்களே இல்லாத ஊருக்கு வந்துவிட்டோமோ என்று அவளுக்குச் சந்தேகமே வந்துவிட்டதாம்.

யாரோ ஒரு புண்ணியவான், பின்பக்கம் முடுக்கு வழியாகப் போ என்று சொல்லியிருக்கிறார். அவள் போனாள். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பொன்னுதுரையும் பின்னாலேயே வந்துவிட்டான். முடுக்கில் ஆண்! சுற்றிச் சுற்றிக் கூச்சல் கிளம்பியது. குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தவள், பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவள், சுவரோரம் கதை பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் அலறிக்கொண்டு ஓடினார்கள். எவளோ ஒருத்தி கழுநீர்ச் சட்டியைத் தூக்கி அவன்மேல் ஊற்றினாள். அது என் உம்மாதான். நான் சொல்லாவிட்டாலும் முடுக்கில் வேறு யாராவது சொல்லத்தான் போகிறார்கள்.

பொன்னுதுரை கண்ணை இறுக மூடிக்கொண்டு, திறந்திருந்த ஒரு பின்கதவுக்குள் பாய்ந்தான். அது குல்சும் மாமியின் சமையற்கட்டு.

ஜெபகனி அவன் பின்னால் ஓட, அவள் பின்னால் நானும் ஓடினேன். மாமி முக்காட்டை இழுத்து முகத்தில் விட்டுக்கொண்டு, அடுப்படியில் நின்றபடியே சிரித்துக்கொண்டிருந்தார்.

"பெட்டியை இறக்கி வச்சுட்டு, இப்படியே நேரா நடந்தா தெருவாசல் வரும் வாப்பா. கண்ணைத் திறந்துக்கோ, தூணிலே முட்டிக்காதே. இங்கன இருக்கறது உனக்கு உம்மா வயசுக்காரி ஒருத்திதான்."

பொன்னுதுரை கண்ணைத் திறக்காமலே நடந்து, தூணில் முட்டிக்கொண்டு, வெளியே போனான். ஜெபகனி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, தெருப்பக்கம் போனா ஆம்பிளை இல்லேங்காங்க. பின்பக்கம் வந்தா தண்ணிய ஊத்துதாங்க. நான் எந்தப் பக்கந்தான் வாரது?" என்று கேட்டபோது அவளுக்கு அழுகை முட்டியது. "எல்லாரும் வந்துபோற மாதிரி ஒரு வீடு கிடைச்சா போதும். அங்கன உக்காந்து வாரவங்களுக்கெல்லாம் போட்டுருவேன்."

அதற்குள் முடுக்கே மாமி வீட்டுப் பின்வாசலில் கூடிவிட்டது. பெண்கள் ஓதுகிற தைக்காவில் வைக்கலாமா என்று ஒருத்தி கேட்டாள். கையில் தடவுகிற மருந்துக்குச் சாராய வாடை உண்டு, ஓதுகிற இடத்தில் அது ஆகாது என்று என் உம்மா சொன்னார். எங்கள் வீட்டில் என் மாப்பிள்ளை ஊரில் இருந்தார். எதிர் வீட்டில் இரண்டு மாப்பிள்ளைகள். அதற்கடுத்த வீட்டில் கொழும்பிலிருந்து வந்தவர் வருகிற மாதம்தான் போவார். ஒவ்வொரு வீடாகச் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மாப்பிள்ளை கால் நீட்டிப் படுத்திருந்தார்.

"என் வீட்டிலே எந்த மாப்பிள்ளையும் இல்லே" என்றார் குல்சும் மாமி.

சொல்லிவிட்டு அவரே ஒரு கணம் நின்றார். அத்தனை வருஷமும் அந்த வாக்கியத்தை மற்றவர்கள் இரக்கப்பட்டுச் சொல்லித்தான் அவர் கேட்டிருக்கிறார். தன் வாயால் சொன்னபோது அது வேறு மாதிரி இருந்தது போலும். முகம் மலர்ந்துவிட்டது.

"இங்கனயே வச்சுக்கோ மவளே. எந்த நேரமும் யாரும் வரலாம். யாரு இருக்காஹன்னு கேக்கவே வேண்டாம்."

வீடு கிடைத்துவிட்டது, ஆள் கிடைக்க வேண்டாமா? ஊசி போட்டால் காய்ச்சல் வரும், கை வீங்கும், சிலருக்கு உயிரே போய்விடும் என்று முடுக்கு முழுக்கப் பேச்சு. மறுநாள் காலையில் மாமி முழங்காலைப் பிடித்துக்கொண்டு, சுவரில் கையூன்றி, ஒவ்வொரு பின்கதவாகப் போனார். எங்கள் வீட்டைத் தவிர, அழைப்பில்லாமல் அவர் ஒரு வீட்டுக்குப் போய் வருஷக்கணக்காகிறது. கதவைத் திறந்தவர்கள் திகைத்து, "என்ன மாமி விசேஷம்?" என்று கேட்டார்கள்.

"விசேஷம் எதுவும் வந்துரக் கூடாதுன்னுதான் வந்திருக்கேன்ளா" என்றார் மாமி.

நாலைந்து பேர் வந்தார்கள். வந்தவர்களும் வாசற்படியிலேயே நின்றார்கள். மாமி நடுக்கூடத்தில் பாயில் உட்கார்ந்து, பிஸ்மில்லாஹ் என்று சொல்லிக் கையை நீட்டினார். ஊசி ஏறும்போது கண்ணை மூடவில்லை. எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "எறும்புக்கடி" என்றார். எறும்புக்கடி இல்லை என்று அவர் கடித்துக்கொண்ட உதடு சொன்னது. அன்றைக்கு வேறு யாரும் கை நீட்டவில்லை.

விடிந்ததும் நான் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். மாமி கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார். முகம் காய்ச்சலில் சிவந்திருந்தது. இடது கையைத் தூக்க முடியவில்லை.

"உயிரோட இருக்கேனான்னு பாக்க வந்தியா? இருக்கேன். வந்து ரெண்டு வாளி தண்ணி இறைச்சுக் குடு."

நான் இறைத்துக் கொடுத்தேன். ஜெபகனி வந்ததும் முதல் ஆளாகக் கை நீட்டினேன். என் உம்மா வீட்டுக்குள்ளிருந்து திட்டினார். திட்டி ஓய்ந்து அவரும் வந்தார். பத்து மணி இருக்கும்போது மாமி வீட்டுக் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. மாப்பிள்ளை இருக்காஹளா என்று ஒருத்தியும் கேட்கவில்லை. தலையில் துணி இல்லாமல், தாராளமாக, உரக்கப் பேசிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, ஊசி குத்தும்போது கூச்சலிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எங்கள் சொந்த வீடுகளில்கூட அப்படி ஒன்றாக உட்கார முடிந்ததில்லை. அங்கே எப்போதும் யாராவது ஓர் ஆண், தான் வருவதைத் தெரிவிக்க இருமிக்கொண்டு வருவான்.

அன்று சாயங்காலத்திலிருந்து வினை தொடங்கியது. முடுக்கு முழுவதும் காய்ச்சல். மறுநாள் அடுப்பு எரியாத வீடுதான் அதிகம். சோறு கிடைக்காத ஆண்களுக்கு வந்த கோபத்தைச் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது வீட்டுப் பெரியவர் தெருவில் நின்றுகொண்டு, வேலையற்ற கிழவி ஒருத்தி ஊரையே படுக்கையில் போட்டுவிட்டாள் என்று சத்தம் போட்டார். அது மாமியின் காதிலும் விழுந்தது.

மாமி ஒரு பெரிய சட்டியில் கஞ்சி காய்ச்சினார். அரிசி எங்கும் தட்டுப்பாடாக இருந்த நேரம். தன் வீட்டில் இருந்ததைப் போட்டார், போதாததற்கு எழுந்து நடக்க முடிந்தவர்களிடம் ஆளுக்கொரு பிடி வாங்கினார். கஞ்சிச் சட்டியை நானும் அவரும் ஆளுக்கொரு காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு முதலில் போனது அந்த மூன்றாவது வீட்டுக்குத்தான்.

"வேலையில்லாத கிழவி வந்திருக்கேன்னு உன் வாப்பாகிட்டே சொல்லு. அவஹளுக்கும் ஒரு கோப்பை எடுத்து வை" என்றார் அந்த வீட்டு மகளிடம்.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. ஊரில் மௌத்து விழுந்துகொண்டிருக்கும்போது சந்தோஷம் என்று சொல்வது தப்புதான். ஆனாலும் உண்மை அதுதான். மாமி ஒவ்வொரு வீட்டிலும் நுழைந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், கைப்பிள்ளைகளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார், தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கிறார்களா என்று அடுப்பை எட்டிப் பார்த்துத் திட்டினார். யாருக்கு மலச்சிக்கல், யாருக்குக் கண்வலி, யாருடைய மாப்பிள்ளை கொழும்பிலிருந்து நாலு மாதமாகச் சேதி அனுப்பவில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துபோயிற்று. முடுக்கில் எங்கே பார்த்தாலும் "குல்சும் மாமி எங்கே?" என்பதுதான் பேச்சு.

"முட்டி வலி எங்கே போச்சு மாமி?" என்று கேட்டேன்.

"முட்டியிலேதான் இருக்கு. அதுகிட்டே உக்காந்து பேச எனக்கு நேரமில்லே."

எங்கள் முடுக்கில் ஒரு பெண்ணும் வாந்திபேதியில் போகவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

நோய் தணிந்து வந்த ஒரு நாள், ஜெபகனி பெட்டியை மூடிக்கொண்டே பேச்செடுத்தாள். இரண்டாவது ஊசி போட இன்னொரு தடவை வரவேண்டும். அதற்குப் பிறகும் வாரத்துக்கு ஒரு நாள் இங்கே வந்து உட்கார அவளுக்கு ஆசை. பிள்ளைகளுக்குக் கண்ணில் மருந்து விடலாம், மாசமாக இருக்கிறவர்களைப் பார்க்கலாம். அவளுடைய ஆஸ்பத்திரி டாக்டரம்மாவும் சரி என்றுவிட்டார்களாம். "வேற எந்த வீட்டுக்கும் இவங்க எல்லாரும் வரமாட்டாங்கம்மா. நீங்க கூப்பிட்டாத்தான் வாராங்க" என்றாள்.

மாமி கூடத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"பிறை கண்டுட்டா இங்கன கருப்பட்டி வந்துரும் மவளே" என்றார்.

ஜெபகனிக்கு ஒன்றும் புரியவில்லை. நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் போன பிறகு மாமியைப் பிடித்துக்கொண்டேன். "முடியாதுன்னு சொல்லிற வேண்டியதுதானே மாமி? வீடு உங்க வீடு. உங்க உம்மா உங்களுக்குக் குடுத்தது."

"சரின்னு சொல்லிட்டேனேளா. அவன் வியாபாரிகிட்டே வாக்குக் குடுத்திருப்பான். நான் மாட்டேன்னா அவன் மூஞ்சிய எங்கே கொண்டு வைப்பான்? ஒத்தையிலே கிடக்காஹளேன்னு பயந்துதானே புள்ள கேட்டான்."

"இப்ப ஒத்தையிலேயா கிடக்கீங்க?"

மாமி பாயைச் சுருட்டினார். சுருட்டிய பாயைத் திரும்ப விரித்தார். அவர் என்ன செய்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை.

பிறை கண்டது. இரண்டாவது ஊசிக்கு ஜெபகனி சொன்ன நாளும் அதற்கு மறுநாளாகவே அமைந்தது. மாமி விடியும் முன்பே எழுந்து கூடத்தைக் கழுவிவிட்டு, ஒரு மூலையில் தன் துணிமணிகளையும் மூட்டை கட்டி வைத்திருந்தார். எனக்கு அந்த மூட்டையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

இந்தத் தடவை எங்கள் முடுக்குப் பெண்கள் மட்டும் வரவில்லை. சேதி பரவி அடுத்த தெரு, அதற்கடுத்த தெரு என்று முடுக்கோடு முடுக்காகப் பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கூடம் நிறைந்து, அறைகள் நிறைந்து, சமையற்கட்டிலும் உட்கார்ந்தார்கள். வந்தவர்களில் முத்துவாப்பாவின் பெண்சாதியும் அவளுடைய உம்மாவும் இருந்தார்கள். மாமி யாருடைய வீட்டுக்கு விருந்தாளியாகப் போவதாக இருந்தாரோ அந்தச் சம்பந்தக்காரி, மாமியின் பாயில் உட்கார்ந்து, மாமி கொடுத்த தேயிலைத் தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தார்.

அப்போது தெருக்கதவு தட்டப்பட்டது.

"ஆம்பிளைங்க இல்லே!" என்று உள்ளே இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினோம். வெளியே யாரோ பயந்து பின்வாங்குகிற சத்தம் கேட்டது.

"உம்மா, நான்தான். முத்துவாப்பா. யஹ்யாவும் வந்திருக்கான். தூத்துக்குடியிலே இருந்து முதலாளியோட ஆளும் வந்திருக்காஹ. இடத்தை ஒரு பார்வை பாத்துட்டா நாளைக்கே சரக்கு இறக்கிரலாம்."

கதவிடுக்கு வழியாக நான் பார்த்தேன். தூத்துக்குடி ஆள் கரியில் ஓடுகிற பஸ்ஸில் வந்து சட்டையெல்லாம் கரியாக நின்றார். மகன்கள் இரண்டு பேரும் சொந்த உம்மாவின் வாசலில், உச்சி வெயிலில், உள்ளே கால் வைக்க முடியாமல் நின்றார்கள்.

கூடத்தில் எல்லோரும் மாமியைப் பார்த்தார்கள். கையை நீட்டி வைத்திருந்த ஒருத்தி அப்படியே நீட்டியபடி இருந்தாள். ஜெபகனி ஊசியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கருப்பட்டிச் சங்கதி அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான் சும்மாவா இருப்பேன்?

மாமி சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து கதவுக்குப் பின்னால் போய் நின்றார்.

"உள்ளே வர முடியாதுலே. வீடு நிறையப் பொம்பளைஹ இருக்காஹ" என்றார்.

"எப்போ போவாஹ உம்மா?"

"இன்னைக்குச் சாயங்காலம் போவாஹ. அடுத்த வாரம் வருவாஹ. அதுக்கடுத்த வாரமும் வருவாஹ."

முத்துவாப்பா தாழ்ந்த குரலில் சொன்னான்: "நீங்க சரின்னு சொன்னீங்களே உம்மா. நான் அவஹகிட்டே சொல்லிட்டேனே. ஒத்தையிலே இருக்கீங்களேன்னுதானே…"

முத்துவாப்பாவின் பெண்சாதி பாயிலிருந்து எழுந்து வந்து கதவருகே நின்றாள். "நானும் உள்ளேதான் இருக்கேன்" என்றாள் மாப்பிள்ளையிடம். "எங்க உம்மாவும் இருக்காஹ. மாமி ஒத்தையிலே இல்லே. எங்களுக்குத்தான் இங்கன இடம் பத்தலே."

உள்ளே யாரோ சிரித்துவிட்டார்கள். வெளியே யஹ்யாவும் சிரித்த மாதிரி இருந்தது.

மாமி மருமகளின் தோளில் கை வைத்து அவளைச் சற்று ஒதுக்கினார். கதவோடு வாயை ஒட்டி வைத்துக்கொண்டு பேசினார். சத்தமாகப் பேசவில்லை. ஆனால் கூடத்தின் கடைசிவரை கேட்டது.

"வாப்பா, சரின்னு சொன்னது நான்தான். இப்ப மாட்டேன்னு சொல்லுறதும் நான்தான். அந்த முதலாளிகிட்டே என் பேரைச் சொல்லு, எங்க உம்மா வாக்கு மாறிட்டாஹன்னு சொல்லு, எனக்கு வெக்கம் இல்லே. கருப்பட்டிக்கு இந்த ஊரிலே எத்தனையோ இடம் கிடைக்கும். இவளுவளுக்கு இந்த ஒரு வீடுதான் இருக்கு."

தூத்துக்குடிக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பொம்பளைஹ புழங்குற வீடு நமக்கு வேண்டாம் அண்ணாச்சி, வேற இடம் பாப்போம் என்று ஏதோ சொன்னார். செருப்புச் சத்தம் நகர்ந்தது. கொஞ்ச தூரம் போய் ஒரு ஜோடி மட்டும் திரும்பி வந்தது.

"உம்மா."

"என்னலே?"

"எனக்குப் பசிக்குது. சாயங்காலம் அவஹ எல்லாரும் போனப்புறம் வரட்டுமா?"

"வா. யஹ்யாவையும் கூட்டிட்டு வா. இருமிட்டு வா."

மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குத் திரும்பினார். அத்தனை பெண்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குக் கூச்சமாகிவிட்டது.

"என்னளா என் மூஞ்சியிலே? கையை நீட்டுங்க. அடுத்தது யாரு?"